ஆட்டிசக் குழந்தைக்குச் சிகிச்சை நிலையம் தேர்ந்தெடுத்தல்

குழந்தைக்கு ஆட்டிசம் இருப்பதாக மருத்துவர் எழுதிக் கொடுத்த தாளைக் கையில் வாங்கிக்கொண்டு வெளியே வருகிற பெற்றோருக்கு, அந்தத் தாளின் பொருள் மனத்தில் முழுதும் பதிவதற்கு முன்பே, எந்தத் தெரபி சென்டரில் சேர்ப்பது என்ற கேள்வி எதிரே வந்து நின்றுவிடுகிறது. நாள் கடந்தால் எதிர்காலமே போய்விடும் என்ற பயமும், உறவினர் ஆளுக்கொன்றாகச் சொல்லும் யோசனைகளும், அலைபேசியில் வந்து குவியும் விளம்பரங்களும் ஒன்றுசேர்ந்து அவர்களை விரட்டுகின்றன. சிகிச்சையைச் சீக்கிரம் தொடங்குவது நல்லது என்பதில் அபிப்பிராய பேதம் இல்லை. ஆயினும் இரண்டொரு வாரம் நிதானித்து, சில இடங்களை நேரில் போய்ப் பார்த்து, கேட்க வேண்டியவற்றைக் கேட்டுத் தெளிந்து சேர்ப்பதனால் எந்தக் குழந்தைக்கும் நஷ்டம் நேராது. அவசரத்தில் தகாத இடத்தில் சேர்த்துவிட்டால் பணத்தோடு குழந்தையின் நம்பிக்கையும் சேர்ந்து போகும். குழந்தையை அடக்கி உட்கார வைக்கும் இடம் எது என்று தேடாமல், தன் மனத்தில் உள்ளதைப் பிறருக்குத் தெரிவிக்கக் குழந்தைக்கும், அதைப் புரிந்துகொள்ளப் பெற்றோருக்கும் கற்பிக்கும் இடம் எது என்று தேட வேண்டும் என்பதே இக்கட்டுரையில் நான் வற்புறுத்த விரும்பும் விஷயம்.

தாயைக் குற்றம் சாட்டிய காலம்

அமெரிக்காவில் லியோ கான்னர் என்ற மனநல மருத்துவர் 1943-ஆம் ஆண்டில் பதினொரு குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையிலிருந்துதான் ஆட்டிசம் என்ற நிலை மருத்துவ உலகில் தனியாக அறியப்பட்டது. அதற்குப் பிந்திய இருபது முப்பது ஆண்டுகளில், தாயின் அன்பில் உஷ்ணம் குறைந்ததால் நேர்ந்த கோளாறு இது என்ற கொடிய கருத்து செல்வாக்குப் பெற்றிருந்தது. சிகாகோவில் புருனோ பெட்டல்ஹைம் அக்கருத்தைப் பரப்பினார். தாமே ஓர் ஆட்டிசக் குழந்தையின் தகப்பனாராகிய பெர்னார்டு ரிம்லாண்டு என்ற உளவியலாளர் 1964-இல் வெளியிட்ட தம் நூலில் அதை ஆதாரங்களோடு மறுத்தார். மூளை வளர்ச்சியைச் சார்ந்த நிலை இது என்பதும், பரம்பரைக் கூறுகளுக்கு இதில் பெரும் பங்குண்டு என்பதும் இன்று ஐயத்துக்கு இடமின்றி அறியப்பட்டவை. இந்தப் பழங்கதை இங்கே எதற்கு என்றால், நம் ஊர்களில் இன்னும் சில நிலையங்களில், முதல் நாள் பேச்சிலேயே, தாய் வேலைக்குப் போனதால் வந்தது, தொலைக்காட்சி காட்டியதால் வந்தது என்று கூசாமல் சொல்லுகிறார்கள். அப்படிச் சொல்லுகிறவர் அறிவியலில் அறுபது ஆண்டு பின்தங்கியிருக்கிறார். அவரிடம் குழந்தையை ஒப்படைக்க வேண்டியதில்லை.

பெயருக்குப் பின்னால் உள்ள எழுத்துகள்

ஆர்.சி.ஐ. என்று சுருக்கமாக வழங்கும் இந்திய மறுவாழ்வுக் கவுன்சில், 1992-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, மருத்துவ உளவியலாளர், சிறப்பு ஆசிரியர், பேச்சுப் பயிற்சியாளர் முதலியோரின் பதிவேட்டைப் பராமரித்து வருகிறது. ஒவ்வொருவருக்கும் பதிவெண் உண்டு. அதைக் கேட்பது அவமரியாதை ஆகாது. ஆனால் நடத்தைச் சிகிச்சையாளர் என்ற தனிப் பிரிவு அப்பதிவேட்டில் இல்லாத காரணத்தால், சில நாள் வகுப்பில் உட்கார்ந்துவிட்டு வந்தவரும் அப்பெயரைப் பலகையில் எழுதிக்கொள்ள முடிகிறது. அமெரிக்கச் சான்றிதழைச் சுவரில் மாட்டி வைத்திருப்பவர்களும் உண்டு. அதிலும் பல படிகள் இருக்கின்றன. உதவியாளர் நிலைக்கு உரிய பயிற்சி நாற்பது மணி நேரந்தான், முதுகலைப் படிப்பும் மேற்பார்வையில் பெற்ற அனுபவமும் உடையவர் பெறுவது வேறு. அச்சான்றை வழங்கும் முக்கிய வாரியம் 2023 முதல் இந்தியாவில் வசிப்போரிடமிருந்து புதிய விண்ணப்பங்களை ஏற்பதில்லை என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டு, சான்றிதழின் ஆண்டைப் பார்க்கவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, சான்றிதழ் உடையவர் குழந்தையோடு எவ்வளவு நேரம் இருப்பார் என்று கேளுங்கள். பெரியவர் கையெழுத்திட, நேற்றுச் சேர்ந்த பெண் தனியாகப் பயிற்சி தரும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது.

அறைக்குள் நடப்பது

நடத்தைச் சிகிச்சையின் சாரம் ஒரு விசாரணையில் இருக்கிறது. குழந்தை ஒன்றைச் செய்வதற்குச் சற்று முன்னால் என்ன நடந்தது, அது என்ன செய்தது, செய்த பிறகு அதற்கு என்ன கிடைத்தது என்ற மூன்றையும் நாள்தோறும் குறித்து வந்தால், விளங்காததுபோல் தோன்றும் நடத்தைக்கும் ஒரு பிரயோஜனம் இருப்பது புலப்படும். குக்கர் விசில் அடிக்கும்போதெல்லாம் மணிக்கட்டைக் கடித்துக்கொள்ளும் ஐந்து வயதுப் பையனை எடுத்துக்கொள்வோம். கையைப் பிடித்து இழுத்து, ‘கடிக்காதே’ என்று அதட்டுகிறவர் அவனுக்கு எதையும் கற்பிக்கவில்லை. அந்த ஓசை அவனுக்குத் தாங்க முடியாத வேதனை என்பதை உணர்ந்து, காதைப் பொத்திக்கொள்ளவும், வேறு அறைக்குப் போகவேண்டும் என்பதற்கு அடையாளமாக ஒரு பட அட்டையை எடுத்துக் கொடுக்கவும் பழக்குகிறவரே சிகிச்சையாளர். அதே கடித்தல், பாடம் தொடங்கும் வேளையில் மட்டும் நிகழுமானால் காரணம் வேறு. தட்டில் இருக்கும் பண்டத்துக்காக நிகழுமானால் அதுவும் வேறு. இந்த வேற்றுமையை ஆராயாமல், வருகிற எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே அச்சடித்த திட்டத்தைக் கொடுக்கிற இடத்தை விட்டுவிட வேண்டும்.

பட அட்டையைப் பழக்கினால் பிள்ளை பேசவே மாட்டான் என்று பல பாட்டிமார் அஞ்சுவது இயற்கை. ஆராய்ச்சிகளில் அப்படித் தெரியவில்லை. அட்டை பேச்சைத் தடுப்பதில்லை, சில குழந்தைகளுக்கு அதுவே பேச்சுக்குத் துணையாகவும் அமைகிறது.

அடுத்தபடியாக, எழுதி வைத்திருக்கும் இலக்குகளைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். ‘கண்ணைப் பார்க்க வேண்டும்’, ‘கையை ஆட்டக்கூடாது’, ‘அசையாமல் உட்கார வேண்டும்’ என்றே அவை இருக்குமானால், பிறர் பார்வைக்கு ஒழுங்காகத் தோன்றவேண்டும் என்பதைத் தவிர அவற்றில் குழந்தைக்கு என்ன லாபம்? கையை ஆட்டுவதால் யாருக்கும் தீங்கில்லை. கண்ணைப் பார்க்கும்படி கட்டாயப்படுத்தப்பட்டது எவ்வளவு துன்பமாக இருந்தது என்று, வளர்ந்து பெரியவர்களான ஆட்டிச அன்பர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். தண்ணீர் கேட்பது, வயிற்றுவலியைத் தெரிவிப்பது, கழிப்பறைக்குத் தானே போய் வருவது, சாலையோரத்தில் நிற்பது, வேண்டாததை வேண்டாம் என்று சொல்வது ஆகியவை வாழ்நாளெல்லாம் உதவும் இலக்குகள்.

கதவைச் சாத்திக்கொண்டு முக்கால் மணி நேரம் கழித்துப் பிள்ளையை வெளியே அனுப்பும் ஏற்பாட்டை நான் ஒருகாலும் ஒப்புக்கொள்ள மாட்டேன். தாய் இருந்தால் பிள்ளை கவனிக்காது என்பது முதல் சில நாட்களுக்குப் பொருந்தலாம்; மாதக்கணக்கில் சொல்லப்படும் சமாதானமாக அது ஆகலாகாது. கோவாவிலும் ராவல்பிண்டியிலும் அறுபத்தைந்து குழந்தைகளைக் கொண்டு நடத்தி 2016-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், நிபுணரல்லாத சாதாரணப் பணியாளர்களே பெற்றோருக்குப் பயிற்சி தந்தபோதும், பெற்றோர் குழந்தையின் குறிப்பறிந்து பழகுவது நன்கு மேம்பட்டதாகக் கண்டார்கள். நிலையத்தில் ஒரு மணி நேரம் போக, மற்ற நேரமெல்லாம் குழந்தை வீட்டில் அல்லவா இருக்கிறது?

நாற்பது மணி நேரம் என்ற கணக்கு

வாரத்துக்கு நாற்பது மணி நேரம் கொடுத்தால்தான் பலன் என்று கூறிப் பெருந்தொகை கேட்போர் உண்டு. லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் ஐவார் லோவாஸ் 1987-இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்த கணக்கு அது. அவர் அத்தனை மணி நேரம் பயிற்சி அளித்த பத்தொன்பது குழந்தைகளில் ஒன்பது பேர் சாதாரண வகுப்பில் தேறினார்கள் என்பது உண்மை. அக்குழந்தைகள் குலுக்கல் முறையில் பிரிக்கப்படவில்லை என்பதும், அக்காலத்துப் பயிற்சியில் அதட்டலும் அடியும் இடம்பெற்றிருந்தன என்பதும் உண்மை. விளையாட்டோடும் அன்றாடக் காரியங்களோடும் இணைத்துக் கற்பிக்கும் முறைகள் பிற்காலத்தில் வளர்ந்துவிட்டன. மூன்று வயதுக் குழந்தைக்குத் தூக்கமும் விளையாட்டும் வேண்டும். அவற்றைத் தின்றுவிடும் கால அட்டவணை எவ்வளவு உயர்ந்த பெயரோடு வந்தாலும் வேண்டாம்.

உடனே திரும்பிவிட வேண்டிய இடங்கள்

முழுக் குணம் நிச்சயம் என்று உறுதி தருகிற இடம், அடிக்கிற அல்லது கட்டி வைக்கிற இடம், பசியோடு வைத்து உணவை வெகுமதியாகக் காட்டுகிற இடம் ஆகியவற்றில் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. ஸ்டெம் செல் ஊசி போடுவதாகச் சொல்லி லட்சக்கணக்கில் வாங்குவோரும் இருக்கிறார்கள். ஆட்டிசத்துக்கு அச்சிகிச்சையைப் பரிந்துரைக்க முடியாது என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-இலேயே அறிவித்துவிட்டது. உடலிலிருந்து உலோகத்தை அகற்றுவதாகச் சொல்லும் மருந்துகளில் உயிராபத்தே உண்டு.

அரசின் வாயில்கள்

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசம் இடம்பெற்றிருக்கிறது. மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் அரசு மருத்துவமனைகளில் இயங்குகின்றன. சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. மாற்றுத்திறன் சான்றிதழ் பெற்ற குழந்தைக்கு, தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீட்டில் ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரையில், தெரபிச் செலவுக்கும் ஒரு பகுதி உள்ளிட, உதவி பெற வழியுண்டு. தனியார் நிலையத்தில் சேர்த்திருப்பவர்களும் இவற்றைப் பெறத் தடையில்லை. சான்றிதழுக்கு இன்னும் விண்ணப்பிக்காதவர்கள், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்கு இந்த வாரமே ஒரு நடை போய் வாருங்கள்.