பத்தாம் மாதத்தில் ஒரு பரிசோதனை

இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த மஸ்கெலியாவிலும் பொகவந்தலாவையிலும் அக்கரப்பத்தனையிலும், பிரசவ நாள் நெருங்கிய ஒரு பெண் ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்குப் போய்விட்டுத் தோட்டக் குடியிருப்பான லயத்துக்குத் திரும்புகிறாள் என்றால், வாசல் இஸ்தோப்பிலே காத்திருக்கும் மாமியாரும் பக்கத்துக் காம்பிராப் பெண்களும் அவளிடம் கேட்கும் முதற்கேள்வி பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கிறது: "வாய் தெறந்திருக்காமா? எத்தனை வெரலாம்?" இரண்டு விரல் என்று அவள் சொல்லிவிட்டால் அன்று மாலையே துணிகள் பையில் அடுக்கப்படுகின்றன, புருஷன் மறுநாட் காலை வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்குப் போகாமல் நின்றுவிடுகிறான், தோட்டத்தின் அடுத்த பிரிவான அடுத்த கணக்கிலிருந்து தாயார் வரவழைக்கப்படுகிறாள். அதன் பிறகு ஒரு வாரம் கழிகிறது, சில சமயம் பத்து நாளும் கழிகிறது. வலி வருவதில்லை, போன பேர்களுக்குரிய, அதாவது இழந்த வேலை நாட்களுக்குரிய, கூலியும் வருவதில்லை. இதற்கு மாறாக, 'ஒன்றும் திறக்கவில்லை, போய் வா' என்று காலையில் சொல்லி அனுப்பப்பட்டவள், அன்றிரவே பனி மூடிய பாதையில் கொழுந்து லொறியின் முன்னாசனத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கி வந்த சம்பவங்களும் எல்லாத் தோட்டங்களிலும் பேசப்படுகின்றன.

இந்த இரண்டும் யாருடைய தவறினாலும் நேர்வனவல்ல. கர்ப்பப்பை வாயின் சுபாவமே அத்தகையது. கர்ப்ப காலத்தின் பெரும்பகுதியும் நீண்டு, மூடி நிற்கும் அந்த உறுப்பு, கடைசி வாரங்களில் மெல்ல மெல்ல இளகி, குறுகி, முன்னோக்கித் திரும்பி, பிரசவ வலியின்போது பத்து சென்ரிமீற்றர் வரை விரிகிறது என்பது உண்மையே. ஆனால் இளகத் தொடங்குவதற்கும் வலி தொடங்குவதற்கும் இடையே இத்தனை நாள் என்ற நியதி எதுவும் இல்லை. முன்னரே இரண்டு மூன்று பிள்ளை பெற்றவளுக்கு வாய் சற்றுத் திறந்தபடியே வாரக்கணக்கில் இருப்பதுண்டு. தலைப்பிள்ளைக்காரிக்கு நேற்று வரை மூடியிருந்தது இன்றைக்கு ஒரே மூச்சில் மாறிவிடுவதும் உண்டு. ஆகவே, வலியோ நீர்க்கசிவோ இரத்தமோ இல்லாமல், வேறு விசேஷக் காரணம் எதுவும் இல்லாமல், நாள் நெருங்கிவிட்டது என்ற ஒரே காரணத்துக்காக உள்ளே விரல் விட்டுப் பார்ப்பதனால், அவள் எப்போது பிள்ளை பெறுவாள் என்பதை எந்த நிபுணராலும் சொல்ல இயலாது.

இது இன்று நேற்றுத் தோன்றிய அபிப்பிராயம் அன்று. வழக்கமான கர்ப்பகாலக் கிளினிக்கில் இந்த உட்பரிசோதனை கர்ப்பத்தின் வயதைத் திருத்தமாகக் காட்டுவதில்லை, குறைமாதப் பிரசவத்தை முன்னறிவிப்பதில்லை, தாயின் இடுப்புக்குப் பிள்ளையின் தலை பொருந்துமா என்பதையும் சொல்வதில்லை, ஆதலால் அதைச் செய்யவேண்டாம் என்று பிரித்தானியாவின் தேசிய வழிகாட்டி 2008-ஆம் ஆண்டிலேயே எழுதி வைத்தது. 1964-இல் அமெரிக்க வைத்தியர் எட்வர்ட் பிஷப் வகுத்த மதிப்பெண் முறை ஒன்று உலகெங்கும் வழங்கிவருகிறது. வாயின் விரிவு, குறுக்கம், மென்மை, திசை, பிள்ளையின் தலை இறங்கிய நிலை என்னும் ஐந்தையும் கூட்டிப் பார்ப்பது அது. மருந்து கொடுத்து வலியை உண்டாக்கத் தீர்மானித்த பெண்ணிடம் அந்த முயற்சி பலிக்குமா என்று கணிப்பதற்காக உண்டான முறை அது. மருந்து கொடுக்கும் உத்தேசமே இல்லாதவளிடம் அந்தக் கணக்கைப் போட்டு என்ன பயன்? போதாக்குறைக்கு, விரலின் அளவே திட்டமானதன்று. மாதிரி உருவங்களை வைத்து வைத்தியர்களையும் மருத்துவமாதர்களையும் அளக்கச் சொன்ன ஆய்வுகளில், அவர்கள் சரியான அளவைச் சொன்னது ஏறத்தாழப் பாதி முறைதான். காலையில் ஒருவர் இரண்டு என்கிறார், மாலையில் மற்றொருவர் மூன்று என்கிறார்; கட்டிலில் கிடப்பவளோ, தான் முன்னேறிவிட்டதாக எண்ணி மகிழ்கிறாள்.

பயன் இல்லாவிட்டாலும் பாதகம் இல்லையே என்று சிலர் சமாதானம் சொல்லக்கூடும். ஆனால் பாதகமும் உண்டு: வலி இருக்கிறது, பரிசோதனைக்குப் பின் சிறிது இரத்தம் படுவதும், அதைக் கண்டு வீட்டார் கலங்குவதும் இருக்கின்றன. நஞ்சுக்கொடி கீழே அமைந்து வாயை மறைத்திருக்கும் கர்ப்பத்தில், ஸ்கேன் பார்த்து அதை விலக்காமல் விரல் நுழைத்தால் பிராணாபத்தான இரத்தப்பெருக்கு நேரிடலாம். பன்னீர்க்குடம் உடைந்த பிறகோ, ஒவ்வொரு முறை விரல் நுழையும்போதும் கிருமி நுழையும் வாய்ப்பு கூடுகிறது. கடைசி வாரங்களில் அடிக்கடி இவ்வாறு பார்ப்பதனால் பன்னீர்க்குடம் முன்கூட்டியே உடைகிறது என்று 1984-இல் ஓர் அமெரிக்க ஆய்வு கூறியது. பின்னர் வந்த ஆய்வுகள் அதை உறுதிப்படுத்தவில்லை. ஆதலால் அதைக் காட்டி எந்தத் தாயையும் பயமுறுத்தலாகாது. ஆனால் இன்னொரு காரியம் உண்டு. பரிசோதிக்கும் விரலைச் சற்றே சுழற்றி, பன்னீர்க்குடத்தின் சவ்வை வாயின் உட்புறத்திலிருந்து பிரித்துவிடுவார்கள். வலி சீக்கிரம் வரவேண்டும் என்பதற்காகச் செய்வது. நாள் தாண்டும் தறுவாயில் இது உபயோகமான உபாயம்தான். ஆனால் இது பரிசோதனை அன்று, சிகிச்சை. செய்யுமுன் சொல்லவேண்டியது, கேட்கவேண்டியது. வெறும் பரிசோதனை என்று நினைத்துப் படுத்தவளுக்குச் சொல்லாமலே அதைச் செய்து முடித்துவிடும் வழக்கம் பல நாடுகளின் பெண்களால் முறையிடப்பட்டுவருகிறது.

எதிர்த்தரப்பின் வாதம் ஒன்று இருக்கிறது. மலைநாட்டின் தூரத்தையும் பாதையையும் அறிந்த வைத்தியர்கள், ஆறாயிரம் அடி உயரத்திலுள்ள மேற்கணக்கு லயத்திலிருந்து நடுநிசியில் ஒருத்தியைக் கொண்டுவருவது எத்தனை சிரமம் என்பதைக் கண்ணாரக் கண்டவர்கள், வாய் திறந்திருப்பவளை முன்கூட்டியே வாட்டில் நிறுத்திக்கொள்வது நல்லதல்லவா என்கிறார்கள். அந்தக் கவலை மெய்யானது. அதற்குரிய பரிகாரம் மட்டும் விரலில் இல்லை. தேதியைக் கொண்டும், வீட்டிலிருந்து தார்ப்பாதை வரை உள்ள தூரத்தைக் கொண்டும், முன்பிரசவத்தின் வேகத்தைக் கொண்டும் அனுமதிக்கும் நாளைத் தீர்மானிக்கலாம். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் காசில்லாமல் வரும் அம்புலன்ஸ் சேவை 2016-இல் தொடங்கி இப்போது தீவு முழுவதும் ஓடுகிறது. அது ஏறமுடியாத பாதைகளைச் செப்பனிடுவது வைத்தியர் வேலையன்று, ஆனால் அவர்கள் வற்புறுத்திச் சொல்லக்கூடிய காரியம்.

இனி, இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டிய விஷயத்துக்கு வருகிறேன். லிந்துலைப் பக்கத்தைச் சேர்ந்த, கொழுந்து பறிக்கும் ஒரு பெண், இரண்டாவது பிள்ளைக்காகத் தான் சென்ற கிளினிக்கைப் பற்றிச் சொன்னாள். பச்சை றெக்சீன் விரித்த கட்டில். பாதி மட்டும் இழுபட்ட திரை. திரைக்கு அப்பால் பெஞ்சில் இன்னும் பலர். பொலித்தீன் பையில் சுற்றியிருந்த கர்ப்பிணி கார்டை வாங்கிப் பார்த்த தாதி மிஸ்ஸி சிங்களத்தில் ஏதோ சொன்னாள். இவளுக்குப் புரியவில்லை, ஆனால் புரியவில்லை என்று சொல்ல வெட்கம். "என்னமோ சொன்னாங்க அக்கா, நானும் தலைய ஆட்டுனேன். கால மடக்குன்னு கையால காட்டுனாங்க. அப்புறந்தான் தெரிஞ்சிச்சு" என்றாள். எதற்காகப் பார்த்தார்கள் என்று கேட்டேன். "அதான் பாக்குறது" என்றாள். பார்த்ததில் என்ன தெரிந்தது என்று அவளுக்கு அன்றும் தெரியவில்லை, பிள்ளை பிறந்து நடக்கத் தொடங்கிவிட்ட பிறகும் தெரியவில்லை. அந்த மிஸ்ஸி கொடியவள் அல்லள். "பயப்பட வேணாம்" என்ற இரண்டு வார்த்தைத் தமிழை அவள் கற்று வைத்திருந்தாளாம், அதை இரண்டு முறை சொன்னாளாம். முன்னாலே இன்னும் எத்தனையோ பேர் காத்திருக்கும் ஒரு காலை வேளையில், மொழி தெரியாத ஒரு தாதி வேறு என்ன செய்வாள்?

ஆனால் அந்தத் தலையசைப்பைச் சம்மதம் என்று எவ்வாறு கொள்வது? விளங்காத பாஷையில் கேட்கப்பட்ட கேள்விக்குப் பயத்தினால் அசைந்த தலை அது. 1987-இல் அரசியலமைப்பின் பதின்மூன்றாவது திருத்தத்தினால் தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழியாயிற்று. எனினும் தோட்டப் பகுதிகளில் தமிழ் பேசும் மருத்துவமாதர்கள் போதாமை தீராத குறையாகவே நீடிக்கிறது. ஒரு விண்ணப்பப் படிவம் வேறு மொழியில் வந்தால் அதை எடுத்துக்கொண்டு படித்தவரிடம் ஓடலாம். தன் சரீரத்தினுள்ளே நுழையும் கைக்கு யாரிடம் ஓடி மொழிபெயர்ப்புக் கேட்பது?

மலையகத்துப் பெண்ணுக்கு இந்த மௌனம் புதியதன்று என்பதே என் மனத்தை உறுத்துகிறது. விடியற்காலைப் பெரட்டிலே நிற்கும்போதும், கூடையை நிறுவையில் வைக்கும்போதும், கங்காணியும் கணக்கப்பிள்ளையும் துரையும் சொன்னதைக் கேட்டுக்கொள்ளவே பழக்கப்பட்டவள் அவள். கேள்வி கேட்டால் பேர் விழாது, அரைப் பேராகும் என்பதைச் சிறு வயதிலேயே தாயிடம் கற்றுக்கொண்டவள். 1980-இல் கருத்தடைச் சத்திரசிகிச்சைக்கு அரசாங்கம் ஊக்கத்தொகை கொடுக்கத் தொடங்கி, அது ஐந்நூறு ரூபாயாக உயர்ந்த காலத்தில், தோட்டங்களில் அந்தச் சிகிச்சை செய்துகொண்டவர்களில் எத்தனை பேருக்கு அதன் முழுத் தாற்பரியமும் சொல்லப்பட்டது என்ற கேள்வி இன்னும் எழுப்பப்பட்டு வருகிறது. பணம் வந்தது, காகிதத்தில் கைநாட்டு விழுந்தது, இனிப் பிள்ளை இல்லை என்பது பலருக்குப் பின்னால்தான் விளங்கியது என்று கிழவிகள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்தப் பெரிய காரியத்தையும் கிளினிக்குக் கட்டிலின் இந்தச் சிறிய காரியத்தையும் ஒரே தராசில் வைக்க நான் முற்படவில்லை. ஆனால் இரண்டிலும் அவளுடைய சரீரத்தைப் பற்றிய தீர்மானம் அவளுக்கு விளங்காத மொழியில், அவளுடைய தலைக்கு மேலாக எடுக்கப்பட்டது.

பழைய காலத்து மருத்துவச்சியைப் புகழ்வதற்காக இதை எழுதவில்லை. லயக் காம்பிராவின் அரையிருட்டில், சாக்கு விரிப்பில், அவளுடைய கையில் பிறந்த பிள்ளைகளோடு இறந்த தாய்மாரும் அநேகர். இன்று இலங்கையில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேற்பட்ட பிரசவங்கள் வைத்தியசாலையில் நிகழ்வது பெரும் பாக்கியம். எனினும் அந்த மருத்துவச்சி விளக்கெண்ணெய் தடவிய உள்ளங்கையால் வயிற்றின் மேலிருந்தே தலை எங்கே, முதுகு எங்கே, இறங்கிற்றா இல்லையா என்று அறிந்தாள். இன்றைய மருத்துவமாதும் அதே காரியத்தைச் சாஸ்திரமாகக் கற்று, தலை எவ்வளவு இறங்கியது என்பதை ஐந்தில் இத்தனை பங்கு என்று வெளியிலிருந்தே கணக்கிடுகிறாள். கடைசி மாதத்தில் உயிர் காக்கும் பரிசோதனைகளும் வெளியில்தான் இருக்கின்றன: கையில் பட்டி சுற்றிப் பார்க்கும் இரத்த அழுத்தம், சிறுநீரில் புரதம், குருதியில் ஹீமோகுளோபின், பிள்ளையின் இருதயத் துடிப்பு. இரத்தசோகையும் நிறை குறைந்த பிள்ளைகளும் நகரத்தையும் கிராமத்தையும்விடத் தோட்டத்திலேயே அதிகம் என்பதை அறிந்தவர்கள், கிளினிக்கின் சொற்ப நிமிஷங்களை எதில் செலவிடவேண்டும் என்பதையும் அறிவார்கள்.

பிரசவ அறையின் சங்கதி வேறு. வலி தொடங்கிய பின் உட்பரிசோதனை அவசியமாகிறது. அங்கேயும் கணக்கு உண்டு. உலக சுகாதார ஸ்தாபனம் 2018-இல் வெளியிட்ட வழிகாட்டி, ஐந்து சென்ரிமீற்றரிலிருந்து தீவிர வலி தொடங்குவதாகக் கொண்டு, சிக்கலில்லாத பிரசவத்தில் நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை பார்த்தால் போதும் என்கிறது. மணிக்கு ஒரு சென்ரிமீற்றர் விரியவில்லை என்பதை மட்டும் வைத்து அவசரப்பட்டுத் தலையிடவேண்டாம் என்றும் சொல்கிறது. வாட்டிலே பயிற்சி பெறுபவர்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து பார்க்கும் வழக்கத்துக்கு அதில் இடமில்லை. பிரசவத்துக்கு வரும் பெண்ணை அவமதிப்பதும், முறையான சம்மதமின்றி அவளுக்கு எதையும் செய்வதும் கூடாது என்று 2014-ஆம் ஆண்டிலேயே அதே ஸ்தாபனம் பிரகடனம் செய்திருக்கிறது.

ஆகவே நான் கேட்பது பெரிய செலவுள்ள காரியம் அன்று. கர்ப்பிணி கார்டோடு தமிழில் ஒரு தாள் வைக்கப்படட்டும். ஏன் பார்க்கிறோம், என்ன செய்வோம், வேண்டாம் என்று நீங்கள் சொல்லலாம் என்ற மூன்று வரியும் அதில் இருக்கட்டும். தமிழ் தெரியாத தாதி அந்த வரிகளை விரலால் சுட்டிக் காட்டட்டும். எழுத்தறியாத தாய்க்குப் பக்கத்துப் பெஞ்சிலிருக்கும் ஒருத்தி வாசித்துக் காட்டட்டும். திரையை முழுவதும் இழுத்துவிடுவதற்கோ ஒரு ரூபாயும் ஆகாது. தோட்டத்துப் பிள்ளைகளில் படித்த பெண்களை மருத்துவமாதர் பயிற்சிக்கு எடுப்பதில் இன்னும் வேகம் வேண்டும். அது வரும்வரை காத்திராமல் இந்தத் தாள் நாளைக்கே வரலாம்.

வயிற்றோடு இருக்கும் தங்கையருக்கும் ஒரு வார்த்தை. வலியோ கசிவோ இல்லாமல் உங்களை உள்ளே பார்க்கவேண்டும் என்றால், "எதுக்குப் பாக்குறீங்க மிஸ்ஸி? இன்னைக்கே பாக்கணுமா?" என்று கேளுங்கள், காரணம் சொன்னால் யோசித்துச் சம்மதியுங்கள், வேண்டாம் என்றால் மரியாதையாகச் சொல்லுங்கள், அதற்காக எந்தக் கிளினிக்கும் உங்களைத் திருப்பி அனுப்பக்கூடாது. சம்மதித்த பின்னும் நடுவில் நிறுத்தச் சொல்லலாம். தோழி ஒருத்தியோ மாமியாரோ தலைமாட்டில் நிற்கட்டும் என்று கேட்கலாம். ஆனால் இரத்தம் பட்டாலும், நீர் கசிந்தாலும், பிள்ளையின் அசைவு குறைந்தாலும், தலை விடாமல் வலித்துக் கண் மங்கினாலும், வாய் திறந்ததா மூடியதா என்று ஒருவரையும் விசாரித்துக்கொண்டிராமல், பெரட்டையும் பேரையும் பாராமல், அந்த நிமிஷமே 1990-க்கு அழைத்து ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டுவிடுங்கள்.