ஊசியின்றிச் சர்க்கரை அளத்தல்

ரமலான் மாதத்தில் மங்கலம்பேட்டை போன்ற நம் ஊர்களில் நோன்பு நோற்கும் நீரிழிவாளர் பலர், விரல் நுனியைக் குத்திச் சர்க்கரை பார்க்கத் தயங்குகின்றனர். வலி ஒரு காரணம். இரத்தம் வெளிப்பட்டால் நோன்பு முறிந்துவிடுமோ என்னும் ஐயம் மற்றொன்று. இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு உண்டு என 2023-இல் வெளியான தேசிய ஆய்வு மதிப்பிட்டது. எனவே, ஊசியின்றி அளக்க வழியுண்டா என்பது நம் எல்லோருக்குமான வினாவாகும்.

இதிலுள்ள இடர்ப்பாட்டை முதலில் அறிவோம். ஒரு லிட்டர் இரத்தத்தில் குளுக்கோஸின் அளவு ஏறத்தாழ ஒரு கிராம்தான். தோலினூடே ஒளியைச் செலுத்தி அதை அறிய முயன்றால், நீரும் கொழுப்பும் புரதமும் அதன் குறிப்பை மூழ்கடித்துவிடுகின்றன. வியர்வையும் வெப்பநிலையும் கணக்கைக் குலைக்கின்றன.

2001-இல் அமெரிக்கா அனுமதித்த 'குளுக்கோவாட்ச்' கருவி, மெல்லிய மின்னோட்டத்தால் தோல்வழியே நீர்மத்தை ஈர்த்து அளந்தது. தோலெரிச்சலை உண்டாக்கியதோடு, ஒப்புநோக்க விரற்குத்தலையும் வேண்டிய அது, பின்னர் வழக்கொழிந்தது. 2014-இல் ஐரோப்பாவில் அறிமுகமான 'ஃபிரீஸ்டைல் லிப்ரே', மேற்கையில் ஒட்டப்பட்டு இரு வாரங்கள் அளக்கிறது. ஆயினும் அதன் நுண்ணிழை தோலுக்கடியில் நுழைகிறது. அது அளப்பது இரத்தத்தை அன்று, திசுநீரையே. ஆதலால் மாற்றம் சில நிமிடங்கள் தாமதித்தே தெரியும். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தார் ஒளியால் எழும் ஒலியலைகளைக் கொண்டு அளக்கும் முறையை ஆராய்ந்து வருகின்றனர்.

கடைகளில் விற்கும் கடிகாரங்களும் மோதிரங்களும் தோலைத் துளைக்காமலே சர்க்கரையைக் காட்டும் என்னும் விளம்பரங்களை நம்பலாகாது. அத்தகைய எதற்கும் தான் அனுமதி அளிக்கவில்லை என அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. பிழையான எண்ணை நம்பி இன்சுலின் போட்டுக்கொள்வது உயிருக்கே ஊறு விளைவிக்கும்.

விரல் நுனியில் ஒரு துளி இரத்தம் எடுப்பதால் நோன்பு முறியாது என்பதே பெரும்பான்மை உலமாக்களின் கருத்து. சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழிறங்கினாலோ 300-ஐத் தாண்டினாலோ நோன்பை விட்டுவிட வேண்டும் என்பது பன்னாட்டு மருத்துவ வழிகாட்டுதல். நோயாளிக்கு வேறு நாள்களில் நோற்கும் சலுகையை மார்க்கமே வழங்கியுள்ளது. ஊசியில்லாக் கருவி வரும் நாளில் வரட்டும். அதுவரை அந்த ஒரு துளி இரத்தத்திற்கு நாம் அஞ்ச வேண்டியதில்லை.