சுசீலா ராமன்

சுசீலா ராமன் (பிறப்பு: ஜூலை 21, 1973) லண்டனில் பிறந்த தமிழ்ப் பாடகி, பாடலாசிரியர். ராக் இசையை அடித்தளமாகக் கொண்டு, கர்நாடக இசைக் கிருதிகள், முருக பக்திப்பாடல்கள், கவ்வாலி, ஜாவாத் தீவின் கமெலான் எனப் பல மரபுகளுடன் இணைந்து பாடியவர். 2001-இல் வெளிவந்த அவருடைய முதல் ஆல்பம் பிரிட்டனின் மெர்க்குரி இசைப்பரிசுக்குரிய இறுதிப்பட்டியலில் இடம்பெற்றது. ஓர் ஆல்பத்தில் கண்ட வெற்றியை அடுத்த ஆல்பத்தில் திரும்பச் செய்யாமல், ஒவ்வொரு முறையும் புதிய இசைச்சூழலைத் தேடிச் சென்றது அவருடைய இசைவாழ்க்கையின் தனித்தன்மை.

பிறப்பு, இளமை

சுசீலா ராமனின் பெற்றோர் தஞ்சாவூர்ப் பகுதியைப் பூர்வீகமாகக் கொண்ட தமிழர்கள். 1960-களில் லண்டனில் குடியேறினர். சுசீலாவின் நான்காவது வயதில் குடும்பம் ஆஸ்திரேலியாவுக்கு இடம்பெயர்ந்தது. சிட்னியில் வளர்ந்த அவர் சிறுவயதிலேயே கர்நாடக இசை கற்று மேடைகளில் பாடத் தொடங்கினார்.

புலம்பெயர்ந்த தமிழ்க் குடும்பங்களில் இது வழக்கமான தொடக்கம்தான். மொழியும் ஊரும் கைநழுவும் இடத்தில் பாட்டும் பரதநாட்டியமும் பண்பாட்டைப் பிடித்துவைக்கும் கயிறாக அமைகின்றன. பலருக்குப் பள்ளிப்படிப்பு முடிந்ததும் அந்தக் கயிறு அறுந்துபோகும். சிலர் அதே மரபில் முழுமையாக இறங்குவார்கள். சுசீலா இவ்விரண்டையும் செய்யவில்லை. பதின்வயதில் சிட்னியில் சொந்தமாக இசைக்குழு அமைத்து ராக், ஃபங்க் பாடினார். பிறகு ப்ளூஸ், ஜாஸ் இசைகளை நோக்கி நகர்ந்தார். ஆனால் கற்ற கிருதிகளைக் கைவிடவில்லை.

இந்தியப் பயிற்சி, சாம் மில்ஸ்

1995-இல் சுசீலா ராமன் இந்தியாவுக்கு வந்தார். ஜெய்ப்பூர்-அத்ரௌலி கரானாவைச் சேர்ந்த இந்துஸ்தானிப் பாடகி ஸ்ருதி சடோலிகரிடம் பயிற்சி பெற்றார். 1997-இல் இங்கிலாந்துக்குத் திரும்பி, கிட்டார் கலைஞரும் இசைத்தயாரிப்பாளருமான சாம் மில்ஸுடன் இணைந்து செயல்படத் தொடங்கினார். சாம் மில்ஸ் 23 ஸ்கிடூ என்னும் பிரிட்டிஷ் சோதனை இசைக்குழுவில் இருந்தவர். வங்காளப் பாவுல் பாடகர் பபன் தாஸ் பாவுலுடன் இணைந்து 1997-இல் ரியல் ஷுகர் என்னும் ஆல்பத்தை உருவாக்கியவர். சுசீலாவின் வாழ்க்கைத்துணையான அவரே எல்லாக் காலகட்டங்களிலும் அவருடன் தொடர்ந்து பணியாற்றியவர்.

இசைவாழ்க்கை

சால்ட் ரெய்ன் (2001)

முதல் ஆல்பமான சால்ட் ரெய்னில் (உப்பு மழை) முத்துசுவாமி தீட்சிதரின் ‘மகா கணபதிம்’, தியாகராஜரின் ‘நகுமோமு’, மைசூர் வாசுதேவாச்சாரின் ‘மாமவது’ ஆகிய கிருதிகள் சுசீலாவின் ஆங்கிலப் பாடல்களுடன் ஒரே வரிசையில் இடம்பெற்றன. அமெரிக்கப் பாடகர் டிம் பக்லியின் பாடல் ஒன்றும் அதில் உண்டு. மெர்க்குரி பரிசின் இறுதிப்பட்டியலில் ரேடியோஹெட் போன்ற புகழ்பெற்ற குழுக்களுடன் இந்த ஆல்பமும் இருந்தது. அவ்வாண்டு பரிசு பி.ஜே. ஹார்விக்குச் சென்றது. 2002-இல் பிபிசி ரேடியோ 3 வழங்கிய உலக இசை விருதுகளில் சிறந்த புதுமுகம் என்னும் விருதை சுசீலா பெற்றார்.

லவ் டிராப் (2003)

இரண்டாவது ஆல்பம் ஆப்பிரிக்க இசையை நோக்கித் திரும்பியது. தலைப்புப் பாடல் எத்தியோப்பியப் பாடகர் மஹ்மூத் அஹமதின் பாடலை அடிப்படையாகக் கொண்டது. ஃபெலா குட்டியின் குழுவில் ஆஃப்ரோபீட் தாளத்தை வடிவமைத்த நைஜீரிய டிரம்ஸ் கலைஞர் டோனி ஆலன் இதில் வாசித்தார்.

மியூசிக் ஃபார் க்ரோகடைல்ஸ் (2005)

மூன்றாவது ஆல்பத்தின் ஒரு பகுதி சென்னையில் பதிவுசெய்யப்பட்டது. திரையிசைக்காகப் பல பத்தாண்டுகளாக வாசித்துப் பழகிய வயலின் குழுக்கள் சென்னையின் தனிச்சிறப்பு. மேலைநாட்டுக் குறிப்பைப் பார்த்து வாசிக்கவும், அதில் கமகத்தைச் சேர்க்கவும் ஒருங்கே தெரிந்தவர்கள் இங்கு உண்டு. தமிழ், ஆங்கிலம், பிரெஞ்சு ஆகிய மொழிகளில் பாடல்கள் அமைந்தன. இதில் உள்ள ஓர் ஆங்கிலப் பாடல் மீரா நாயரின் ‘தி நேம்சேக்’ (2006) திரைப்படத்தில் பயன்படுத்தப்பட்டது. புலம்பெயர்ந்த இந்தியக் குடும்பத்தில் பிறந்த மகன் தன் பெயரோடு போராடும் கதை அது.

33 1/3 (2007)

நான்காவது ஆல்பத்தின் தலைப்பு எல்பி இசைத்தட்டு ஒரு நிமிடத்தில் சுழலும் எண்ணிக்கையைக் குறிப்பது. பாப் டிலன், ஜிமி ஹென்ட்ரிக்ஸ், வெல்வெட் அண்டர்கிரவுண்ட் முதலியோரின் பாடல்களை சுசீலா மறுஆக்கம் செய்தார். முன்பு கிருதிகளை ராக் இசைக்குள் கொண்டுவந்தவர், இம்முறை ராக் பாடல்களை இந்தியத் தாளக்கருவிகளும் இழுத்துப் பாடும் குரலும் கொண்ட வெளிக்குள் கொண்டுவந்தார்.

வேல் (2011)

முருக பக்திப்பாடல்களும் சொந்த ஆங்கிலப் பாடல்களும் கொண்ட ஆல்பம். இப்பாடல்களுக்காக சுசீலா தமிழகத்துக்கு வந்து, முருகன் பாடல்களுக்குப் பெயர்பெற்ற கோவை கமலாவுடன் பழகிப் பாடினார். சபா மேடைக் கிருதிகளிலிருந்து பழனிப் பாதயாத்திரைப் பாடல்களுக்கு நகர்ந்தது அவருடைய இசைவாழ்க்கையின் முக்கியமான திருப்பம்.

குவீன் பிட்வீன் (2014)

ரசிகர்களிடம் முன்கூட்டியே நிதி திரட்டி உருவாக்கப்பட்ட ஆல்பம். ராஜஸ்தானின் நாட்டார் இசைக்கலைஞர்களும், நுஸ்ரத் ஃபதே அலி கானின் குடும்பத்தைச் சேர்ந்த ரிஸ்வான்-முவஸ்ஸம் கவ்வாலிக் குழுவினரும் பங்கேற்றனர். இந்திய-பாகிஸ்தான் எல்லையின் இருபுறமும் உள்ள இசைக்கலைஞர்கள் ஒரே ஆல்பத்தில் சேர்ந்தனர்.

கோஸ்ட் கமெலான் (2018)

இந்தோனேசியாவின் ஜாவாத் தீவில், இசையமைப்பாளர் கோன்ட்ராங் குனார்ட்டோவுடன் இணைந்து உருவாக்கியது. பாடல்கள் பெரும்பாலும் சுசீலாவின் சொந்தப் படைப்புகள்.

இசைமுறை

கிருதியும் ராக் கிட்டாரும்

கர்நாடக இசைக்கும் மேலை இசைக்கும் உள்ள தொடர்பு புதியதல்ல. தீட்சிதர் கிழக்கிந்தியக் கம்பெனிக் குழுக்கள் வாசித்த ஐரோப்பிய மெட்டுகளுக்கு சம்ஸ்கிருதத்தில் நொட்டுஸ்வர சாகித்யங்களை எழுதினார். அவருடைய தம்பி பாலுசுவாமி தீட்சிதர் வயலினைக் கர்நாடக இசைக்குள் கொண்டுவந்தவர்களுள் முதன்மையானவர். இருநூறு ஆண்டுகளுக்குப் பின் அதே மரபின் கிருதிகள் எதிர்த்திசையில் பயணம் செய்தன என்று சுசீலாவின் முதல் ஆல்பத்தைச் சொல்லலாம்.

அவர் தேர்ந்தெடுத்த கிருதிகளின் ராகங்கள் ராக் இசைக்கு இயல்பாகவே அருகில் இருப்பவை. ‘நகுமோமு’ அமைந்த ஆபேரியின் ஆரோகணம் ஸ, க, ம, ப, நி என்னும் ஐந்து ஸ்வரங்களால் ஆனது. ப்ளூஸ் கிட்டார் கலைஞர்கள் முதலில் கற்கும் ஐந்து ஸ்வர வரிசை இதுவே. ‘மாமவது’ அமைந்த ஹிந்தோளமும் ஐந்து ஸ்வர ராகம்தான். அதில் பஞ்சமத்துக்குப் பதில் தைவதம் வருகிறது. ‘மகா கணபதிம்’ அமைந்த நாட்டையில் ஷட்ஸ்ருதி ரிஷபமும் அந்தர காந்தாரமும் வருகின்றன. மேலை இசைக்கணக்கில் இவை சிறிய மூன்றாம் ஸ்வரமும் பெரிய மூன்றாம் ஸ்வரமும் நிற்கும் இடங்கள். இவ்விரண்டையும் ஒன்றாக மோதவிடுவதே ப்ளூஸின் சுவை. ஹென்ட்ரிக்ஸின் பெயரால் அழைக்கப்படும் புகழ்பெற்ற கிட்டார் கார்டிலும் இவ்விரு ஸ்வரங்களும் உள்ளன.

ஆனால் ஸ்வரம் ஒன்றாக இருப்பதால் இசை ஒன்றாகிவிடாது. கர்நாடக இசையில் ஸ்வரம் ஓரிடத்தில் நிற்பதில்லை. அசைந்தும் வழுக்கியும் பக்கத்து ஸ்வரத்தைத் தொட்டும் வருவதே ராகத்தின் முகம். கிட்டாரில் கார்டு வாசிக்கப்படும்போது பல ஸ்வரங்கள் ஒரே கணத்தில் நிலைகொள்கின்றன. நிலையான கார்டின் மேல் அசையும் ஸ்வரம் உராயும். சுசீலாவின் பாடல்கள் பலவற்றில் கார்டுகள் குறைவாகவே மாறுகின்றன. தம்புராவைப்போல ஒரே சுருதி நீண்டுகொண்டிருக்க, அதன்மேல் குரல் நகர்கிறது.

முருகன் பாடல்கள்

முருகன் பாடல்களுக்குத் தமிழில் மிக நீண்ட வரிசை உண்டு. அருணகிரிநாதரின் திருப்புகழ் தாளச்சிக்கலுக்குப் பெயர்பெற்றது. அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச்சிந்து நடந்தும் ஆடியும் பாடுவதற்குரியது. இருபதாம் நூற்றாண்டில் கே.பி. சுந்தராம்பாள், பித்துக்குளி முருகதாஸ், பெங்களூர் ரமணியம்மாள், டி.எம். சௌந்தரராஜன் ஆகியோர் குரல்களில் இப்பாடல்கள் ஊர்த் திருவிழா ஒலிபெருக்கி வழியாகத் தமிழகம் முழுவதும் சென்றன.

இப்பாடல்களின் அமைப்பு கிருதியிலிருந்து வேறுபட்டது. ஒருவர் பாட கூட்டம் திருப்பிப் பாடும். ஒரே அடி மீண்டும் மீண்டும் வரும். வேகம் படிப்படியாக ஏறும். கேட்பவர் கைதட்டுவார், எழுந்து ஆடுவார், சிலருக்கு அருள் வரும். ராக் கச்சேரியின் அமைப்பும் கிட்டத்தட்ட இதுவே. ஆகவே கிருதியை ராக் ஆக்கும்போது எழும் உராய்வு இங்கு குறைவு. வேல் ஆல்பத்தில் சுசீலாவின் குரல் முந்தைய ஆல்பங்களைவிட அடிவயிற்றிலிருந்து, கரடுமுரடாக எழுகிறது.

கமெலான்

கமெலான் என்பது வெண்கலக் கோங்குகளும் உலோகப் பலகைக் கருவிகளும் கொண்ட குழு இசை. அதில் ஸ்லேன்ட்ரோ என்னும் ஐந்து ஸ்வர முறையும் பெலோக் என்னும் ஏழு ஸ்வர முறையும் உண்டு. ஒரு கமெலான் குழுவின் கருவிகள் ஒன்றுக்கொன்று இசைவாக வார்க்கப்படுகின்றன. இன்னொரு குழுவின் சுருதி சற்றே வேறாக இருக்கும். கர்நாடகப் பாடகர் தன் குரலுக்கு ஏற்ப சுருதியை வைத்துக்கொள்வார். கமெலானில் வெண்கலம் மாறாது, பாடகரே மாறவேண்டும். கிட்டாரின் ஸ்வர இடங்களும் அதனுடன் பொருந்துவதில்லை. இந்தப் பொருந்தாமையை மறைக்காமல் அப்படியே ஒலிக்கவிட்டதே கோஸ்ட் கமெலானின் விசித்திரமான, அமானுஷ்யமான சூழலுக்குக் காரணம்.

விவாதங்கள்

சுசீலா ராமனின் இசையை முன்வைத்து இரண்டு கேள்விகள் எழுகின்றன. முதலாவது, மரபிசை ரசிகருடையது. மயிலாப்பூர், ஆழ்வார்பேட்டை, அபிராமபுரம் வட்டாரத்தில் மார்கழி தோறும் சபா சபாவாகச் சென்று கேட்கும் ரசிகர், கிருதியின் சங்கதிகளையும் ராக லட்சணத்தையும் எதிர்பார்ப்பார். சால்ட் ரெய்னின் கிருதிகளில் அவை சுருங்கியிருக்கின்றன. கச்சேரியின் அளவுகோலால் அளந்தால் இது இழப்புதான். ஆனால் அப்பாடல்கள் தம்மைக் கச்சேரியாக முன்வைக்கவில்லை. தீட்சிதரின் பெயரையே அறியாத ஒருவர் அந்த மெட்டின் ஆற்றலை உணர்வதே அவற்றின் இலக்கு.

பக்திப்பாடல்களை மதுவிடுதி மேடைகளிலும் திருவிழா அரங்குகளிலும் பாடுவதைப் பற்றிய தயக்கமும் இதனுடன் சேர்வது. தமிழ்ச்சூழலில் இதற்கு முன்னுதாரணம் உண்டு. திரைப்படத்தில் துள்ளலான கேளிக்கைப் பாடல்களுக்குப் புகழ்பெற்ற எல்.ஆர். ஈஸ்வரியின் குரல்தான் ஆடி மாதம் அம்மன் கோயில்களில் ஒலிக்கிறது. உக்கிரமும் களிப்பும் தமிழ்ப் பக்தியில் எப்போதும் இருந்தவையே.

இரண்டாவது கேள்வி இசைச்சந்தையைப் பற்றியது. ‘உலக இசை’ என்னும் பிரிவு 1987-இல் லண்டனில் சிறு இசைத்தட்டு நிறுவனத்தினர் கூடிப்பேசி விற்பனைக்காக உருவாக்கியது. கடைகளில் எங்கே வைப்பது என்று தெரியாத இசைத்தட்டுகளுக்கு ஒரு தட்டு தேவைப்பட்டது. லண்டனில் பிறந்து, சிட்னியில் ராக் பாடி வளர்ந்த சுசீலாவின் ஆல்பங்களும் அந்தத் தட்டில்தான் வைக்கப்பட்டன. ஆங்கிலேய ராக் பாடகர் ஒருவர் சிதார் சேர்த்துக்கொண்டால் அது ராக் இசையின் விரிவு எனப்படுகிறது. தமிழ்ப்பெண் கிட்டாருடன் பாடினால் அது ‘உலக இசை’ ஆகிவிடுகிறது. இந்தப் பிரிவு அவருக்கு விருதையும் மேடைகளையும் தந்தது. ராக் பாடலாசிரியராக அவர் மதிப்பிடப்படுவதற்கு அதுவே தடையாகவும் அமைந்தது.

இசை இடம்

பிரிட்டனின் தெற்காசியத் தலைமுறையின் இசை 1990-களில் கவனம்பெற்றது. தல்வின் சிங் 1999-இல் மெர்க்குரி பரிசை வென்றார். மின்னணுத் தாளமே அக்காலத்தின் மைய ஒலி. ஈழத்தமிழரான மாயா அருள்பிரகாசம் (எம்.ஐ.ஏ.) 2005-இல் அருளர் ஆல்பத்தின் மூலம் ராப், நடன இசைகளின் வழியில் சென்றார். சுசீலா ராமன் தேர்ந்தது வேறு வழி. கிட்டார், டிரம்ஸ், மனிதக்குரல் ஆகியவற்றை நம்பி, நேருக்கு நேர் அமர்ந்து வாசிக்கும் கலைஞர்களுடன் அவர் இசையை உருவாக்கினார்.

அவருடைய பயணம் சிதறலாகத் தோன்றக்கூடியது. ஆனால் சால்ட் ரெய்ன் முதல் கோஸ்ட் கமெலான் வரை ஒரு தொடர்ச்சி உண்டு. ஒவ்வொரு ஆல்பத்திலும் ஏற்கெனவே முதிர்ந்த ஒரு மரபின் முன் மாணவியாகச் சென்று நின்று, பிறகு தன் குரலில் அதற்கு மறுமொழி சொல்கிறார். இரண்டாம் தலைமுறைப் புலம்பெயர் தமிழருக்கு மரபு வீட்டிலிருந்து முழுமையாகக் கிடைப்பதில்லை, தேடிச் சென்றே பெறவேண்டியிருக்கிறது. அந்தத் தேடலை ஒரே ஊரில் முடித்துக்கொள்ளாமல் பழனிக்கும் ராஜஸ்தானுக்கும் ஜாவாவுக்கும் நீட்டித்தவர் என்பதே தமிழ்ப் பண்பாட்டில் சுசீலா ராமனின் இடம்.

ஆல்பங்கள்

- சால்ட் ரெய்ன் (2001)
- லவ் டிராப் (2003)
- மியூசிக் ஃபார் க்ரோகடைல்ஸ் (2005)
- 33 1/3 (2007)
- வேல் (2011)
- குவீன் பிட்வீன் (2014)
- கோஸ்ட் கமெலான் (2018)