டர்போவைக் கழற்றும் முன்

1994 முதல் 1998 தொடக்கம் வரை அமெரிக்காவில் வந்த டாட்ஜ் ராம் டீசல் பிக்கப்களில் கம்மின்ஸ் நிறுவனத்தின் 5.9 லிட்டர், ஆறு சிலிண்டர், 12 வால்வு இன்ஜின் இருந்தது. டீசல் அளவைக் கணினி தீர்மானிக்காத இன்ஜின் அது. சிலிண்டர்களுக்கு டீசலைச் செலுத்தும் பாஷ் பி7100 பம்ப்பில் சில பாகங்களை மாற்றினாலே டீசல் கூடும், இழுவையும் கூடும். பண்ணைக்காரர்களும் கனமான டிரெய்லர் இழுப்பவர்களும் இன்றுவரை இதைத் தேடி வாங்கி மாற்றியமைக்கிறார்கள். இதே குடும்பத்து 5.9 லிட்டர் இன்ஜின் ஜாம்ஷெட்பூரில் டாடா கம்மின்ஸ் ஆலையில் தயாராகி டாடா லாரிகளிலும் ஓடியது. அதனால் இங்கே சொல்லும் சோதனைகளில் பல நம் லாரிப் பட்டறைக்கும் பொருந்தும்.

மாற்றிய வண்டிகளில் அடிக்கடி வரும் புகார் இது: ஏற்றத்தில் 30 பிஎஸ்ஐ காட்டிய பூஸ்ட் (டர்போ தரும் காற்றழுத்தம்) கேஜ் இப்போது 15-ஐத் தாண்ட மறுக்கிறது. உடனே டர்போ போய்விட்டது என்று முடிவு கட்டி, பெரிய விலை கொடுத்துப் புதிதாக ஒன்றை வாங்கி மாட்டுகிறார்கள். முள் அதே 15-ல் நிற்கிறது. பல நேரங்களில் பழுது டர்போவில் இருப்பதே இல்லை.

டர்போ தானாகச் சுழல்வதில்லை. சிலிண்டரில் எரிந்த டீசலின் சூடான புகை டர்பைன் சக்கரத்தைத் தள்ளுகிறது. அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் கம்ப்ரசர் சக்கரம் காற்றை அழுத்தி இன்டர்கூலர் வழியாக இன்ஜினுக்கு அனுப்புகிறது. டீசல் போதாவிட்டால் சூடு இல்லை, சூடு இல்லாவிட்டால் சுழற்சி இல்லை. சுமை இல்லாவிட்டால் டீசலும் ஏறாது. அதனால்தான் நியூட்ரலில் நிறுத்தி ஆக்சிலேட்டரை எவ்வளவு மிதித்தாலும் பூஸ்ட் பெரிதாக ஏறுவதில்லை. சோதனை ஓட்டம் ஏற்றத்தில், அல்லது டிரெய்லர் கட்டி, மேல் கியரில் இருக்க வேண்டும்.

அதற்கும் முன்னால் கேஜையே சந்தேகிக்க வேண்டும். வெளியில் வாங்கிப் பொருத்தும் கேஜுகளில் பலவற்றுக்கு மெல்லிய பிளாஸ்டிக் குழாய் போகிறது. அது மேனிஃபோல்ட் அருகே சூட்டில் உருகி ஒட்டியிருக்கலாம், ஃபயர்வாலைக் கடக்கும் இடத்தில் மடங்கியிருக்கலாம். இன்னொரு கேஜை மாட்டிப் பார்க்கப் பத்து நிமிடம் போதும்.

கேஜ் சரியாக இருந்தால் அடுத்து பார்க்க வேண்டியது புகையையும் சூட்டையும். பழுது எந்தப் பக்கம் என்பதைப் பெரும்பாலும் இந்த இரண்டுமே சொல்லிவிடும். பூஸ்ட் குறைந்து, வண்டி கருப்புப் புகை தள்ளி, எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் பொருத்திய பைரோமீட்டரும் வழக்கத்துக்கு மேல் ஏறினால் டீசல் வருகிறது, காற்று வரவில்லை. பூஸ்ட் குறைந்து, புகையும் இல்லை, சூடும் ஏறவில்லை என்றால் டீசலே வரவில்லை. முதல் வகையை அப்படியே ஓட்டிக்கொண்டிருப்பது ஆபத்து. டர்போவுக்கு முன்னால் சுமார் 700 டிகிரி செல்சியஸைத் தாண்டி நெடுநேரம் இழுத்தால் பிஸ்டன் உருகத் தொடங்கலாம். பைரோமீட்டர் இல்லாமல் டீசலைக் கூட்டுவதை நான் ஏற்கவே மாட்டேன்.

காற்று குறைந்தால் முதல் சந்தேகம் கசிவு. கம்ப்ரசரிலிருந்து இன்டர்கூலருக்கும், அங்கிருந்து இன்ஜினுக்கும் போகும் குழாய்களை ரப்பர் அல்லது சிலிகான் ஹோஸ்கள் இணைக்கின்றன. இன்ஜின் முதலில் வந்தபோது அவை தாங்க வேண்டியிருந்தது 20 பிஎஸ்ஐக்குள்தான். இப்போது 30, 35 வருகிறது, கிளாம்ப்போ பழையது. ஹோஸின் உள்ளே எண்ணெய்ப் படலமும் சேர்ந்திருந்தால் அழுத்தத்தில் மெல்ல வழுக்கி நகரும். ஒரேயடியாகக் கழன்றால் பெரிய சத்தம் கேட்கும், கண்டுபிடிப்பது எளிது. பாதி நகர்ந்து நிற்கும் ஹோஸும், அழுத்தம் வந்தால் மட்டும் வாய் திறக்கும் விரிசலும்தான் ஆளை அலைக்கழிக்கும். வண்டி நிற்கும்போது கையால் தடவினால் எதுவும் தெரியாது.

அதற்குக் குழாய்க்குள் அழுத்தம் ஏற்றிப் பார்ப்பதே வழி. ஏர் ஃபில்டர் குழாயைக் கழற்றி, டர்போவின் வாயில் வால்வு பொருத்திய மூடி ஒன்றைக் கிளாம்ப் போட்டு இறுக்கி, ரெகுலேட்டர் வைத்து 15 முதல் 20 பிஎஸ்ஐ வரை மெதுவாகக் காற்று ஏற்ற வேண்டும். மூடிக்கு நேர் எதிரே யாரும் நிற்கக் கூடாது. தெறித்தால் எலும்பை முறிக்கும். பிறகு சைக்கிள் டியூபில் பஞ்சர் பார்ப்பது போலத்தான், ஒவ்வொரு இணைப்பிலும் சோப்புத் தண்ணீரைத் தெளித்துக் குமிழி வருகிறதா என்று பார்க்க வேண்டும். ஹோஸ்களோடு நின்றுவிடாமல் இன்டர்கூலரின் இரு பக்கத் தொட்டிகள் சேரும் ஓரங்களையும், காற்று இன்ஜினுக்குள் நுழையும் இடத்தில் உள்ள கிரிட் ஹீட்டரின் மேலும் கீழுமான கேஸ்கெட்டுகளையும் பாருங்கள். திறந்திருக்கும் வால்வுகள் வழியாகக் கொஞ்சம் காற்று இன்ஜினுக்குள் போகும், பிரீதரில் மூச்சு கேட்கும். அது இயல்பு. கசிவை அடைக்கும்போது ஹோஸின் உட்பக்கத்தையும் குழாய் முனையையும் எண்ணெய் போகத் துடைத்துவிட்டு, டி-போல்ட் கிளாம்ப் போடுவது நல்லது.

இங்கே கசிவு இல்லாவிட்டால் எக்ஸாஸ்ட் பக்கம் போக வேண்டும். டர்பைனை அடையும் முன்பே புகை வெளியேறினால் அதைச் சுழற்றும் சக்தி வீணாகிறது. இந்தக் குடும்ப இன்ஜின்களின் நீளமான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் பலமுறை சூடேறி ஆறிச் சுருங்கும். ஓரத்து போல்ட்கள் முறியும். கேஸ்கெட்டைச் சுற்றிக் கரிக்கோடு இருந்தால் அங்கேதான் கசிவு. குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பியதும் டிக் டிக் என்று கேட்டு, சூடானதும் மறைவது இன்னொரு அடையாளம்.

பூஸ்ட் அளவு மீறாமல் தடுக்கும் வேஸ்ட்கேட்டும் அந்தப் பக்கம்தான் இருக்கிறது. அதன் மடல் கரி பிடித்தோ துருவேறியோ முழுதாக மூடாவிட்டால் புகை டர்பைனைச் சுற்றிக்கொண்டு போய்விடும். இதில் பலர் குழம்புகிறார்கள். வேஸ்ட்கேட்டுக்குப் போகும் சின்ன ஹோஸ் அறுந்தால் மடல் திறக்காது. பூஸ்ட் குறையாது, அளவு மீறி ஏறும். குறைந்த பூஸ்டுக்குப் பார்க்க வேண்டியது மடல், அதன் தண்டு, ஆக்சுவேட்டரின் ஸ்பிரிங் ஆகியவற்றை.

புகையே இல்லாத வண்டியில் தேடல் வேறு. முதலில் டீசல் ஃபில்டர். அடுத்து, ஆக்சிலேட்டரை முழுதாக மிதிக்கும்போது பம்ப்பின் நெம்புகோல் கடைசி வரை போகிறதா என்று ஒருவரை உட்கார வைத்துப் பார்க்க வேண்டும். பிறகு, டேங்கிலிருந்து டீசலை பி7100-க்கு அனுப்பும் லிஃப்ட் பம்ப். முழுச் சுமையில் பி7100-க்குள் போகும் டீசல் 25 பிஎஸ்ஐ அளவிலாவது நிற்க வேண்டும். டீசலைக் கூட்டிய பம்ப்புக்குப் பழைய லிஃப்ட் பம்ப் ஈடுகொடுக்காமல் போவது உண்டு. இவற்றைவிட எளிதில் தவறிப்போவது ஏஎஃப்சி எனும் சிறு அமைப்பு. பூஸ்ட் ஏற ஏறத்தான் டீசலைக் கூடுதலாக விட வேண்டும் என்று பம்ப்பைக் கட்டுப்படுத்துவது இதுதான். மேனிஃபோல்டிலிருந்து இதற்கு வரும் மெல்லிய குழாய் விரிசல் விட்டாலோ, உள்ளே டயஃப்ரம் கிழிந்தாலோ பூஸ்ட் வந்ததே பம்ப்புக்குத் தெரியாது. அது டீசலைப் பிடித்து வைக்கும், அதனால் பூஸ்டும் ஏறாது. சில ரூபாய்க் குழாய்க்காக வண்டி பாதி சக்தியில் ஓடும்.

குறைந்த எண் எப்போதும் பழுதும் அல்ல. பெரிய டர்போ பொருத்தினால் தாமதமாகத்தான் எழும். குறைந்த சுழற்சியில் பழைய எண்ணை எதிர்பார்க்கக் கூடாது. சிலிண்டர் ஹெட்டின் காற்றுவழிகளை அகலப்படுத்தி, கேம்ஷாஃப்டை மாற்றியவர்களுக்கு முன்பைவிடக் குறைந்த பூஸ்டில் கூடுதல் இழுவை கிடைக்கும். இன்ஜினுக்குள் நுழைய முடியாமல் தேங்கும் காற்றின் அழுத்தத்தையே கேஜ் காட்டுகிறது, உள்ளே போன காற்றின் அளவை அல்ல. வண்டி நன்றாக இழுத்து, புகையும் சூடும் அளவில் இருந்தால் அந்த எண்ணை விட்டுவிடலாம்.

இத்தனையும் பார்த்த பிறகுதான் டர்போவுக்கு வர வேண்டும். இன்ஜின் நின்று ஆறிய பின் கம்ப்ரசரின் நடு நட்டைப் பிடித்து அசைத்துப் பாருங்கள். தண்டு எண்ணெய்ப் படலத்தில் மிதப்பதால் பக்கவாட்டில் லேசான ஆட்டம் இருக்கும், பயப்பட வேண்டாம். முன்னும் பின்னுமாக ஆடுவது கைக்குத் தெளிவாகத் தெரிந்தாலோ, இறக்கை உறையில் உரசிய தடம் இருந்தாலோ, தூசி தின்று இறக்கை ஓரங்கள் தேய்ந்திருந்தாலோ கழற்றத்தான் வேண்டும். புதியதை மாட்டும் முன் எண்ணெய் வரும் குழாயும் திரும்பும் குழாயும் அடைபடாமல் இருக்கின்றனவா என்று பாருங்கள். எண்ணெய் வராமல் பழையது செத்திருந்தால் புதியதும் சில நிமிடங்களில் அதே வழியில் போகும்.