மாதிரி வானூர்திக் கட்டுப்பாட்டை 72 மெகாஹெர்ட்ஸிலிருந்து 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுதல்

வானொலிக் கட்டுப்பாட்டு மாதிரி வானூர்தி என்பது, தரையில் நிற்பவர் தம் கையிலுள்ள கருவியைக் கொண்டு வானலை வழியாக இயக்கும் சிறிய விமானம். அமெரிக்காவில் பல ஆண்டுகள் இத்தகைய விமானங்கள் 72 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் பறந்தன. 2005ஆம் ஆண்டுக்குப் பின் அவற்றில் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டைக்கு மாறின. பழைய பட்டையில் விமானம் விழுவதற்கு ஒரு முக்கியக் காரணம் வெளியிலிருந்து வரும் குறுக்கீடு. புதிய பட்டை அந்த ஆபத்தைப் பெரிதும் நீக்கியது. ஆனால் விமானத்துக்குள் இருக்கும் பேட்டரியும் ஆன்டெனாவும் முன்பைவிடக் கூடுதல் கவனம் பெற வேண்டியவையாயின. ஒரு கருவியைக் கழற்றி இன்னொன்றை மாட்டுவதோடு இந்த மாற்றம் முடிந்துவிடாததற்கு இதுவே காரணம்.

கருவியின் அமைப்பு

கட்டுப்பாட்டுக் கருவி நான்கு பகுதிகளைக் கொண்டது. ஓட்டுபவர் கையில் வைத்திருப்பது டிரான்ஸ்மிட்டர். விமானத்துக்குள் அலையை வாங்குவது ரிசீவர். இறக்கையின் அசையும் பகுதிகளையும் வாலையும் திருப்புபவை சர்வோ எனப்படும் சிறு மோட்டார்கள். இவற்றுக்கு மின்சாரம் தருவது பேட்டரி.

ரிசீவர் ஒவ்வொரு சர்வோவுக்கும் நொடிக்குச் சுமார் 50 முறை ஒரு மின்துடிப்பை அனுப்புகிறது. துடிப்பின் நீளம் 1.5 மில்லிநொடியாக இருந்தால் சர்வோ நடுநிலையில் நிற்கும். 1 மில்லிநொடியை நோக்கிக் குறைந்தால் ஒரு பக்கமும், 2 மில்லிநொடியை நோக்கிக் கூடினால் மறுபக்கமும் திரும்பும். வானலையின் அதிர்வெண் எதுவாயினும் ரிசீவருக்கும் சர்வோவுக்கும் இடையிலான இந்த ஏற்பாடு மாறுவதில்லை. ஆகவே பட்டையை மாற்றும்போது பெரும்பாலும் பழைய சர்வோக்களை அப்படியே வைத்துக்கொள்ளலாம்.

72 மெகாஹெர்ட்ஸ் முறையும் அதன் சிக்கலும்

அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம் மாதிரி வானூர்திகளுக்கென 72.010 முதல் 72.990 மெகாஹெர்ட்ஸ் வரை 20 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் 50 அலைவரிசைகளை ஒதுக்கியது. அவற்றுக்கு 11 முதல் 60 வரை எண்கள் உண்டு. கார், படகு போன்ற தரை, நீர் மாதிரிகளுக்கு 75 மெகாஹெர்ட்ஸ் பட்டை தரப்பட்டது. பிரிட்டனில் வானூர்திகளுக்கு 35 மெகாஹெர்ட்ஸ் பட்டை இருந்தது.

இந்த முறையில் ஒவ்வொரு கருவியும் ஒரே ஓர் அலைவரிசையில் இயங்கும். பல கருவிகளில் அந்த அலைவரிசையைத் தீர்மானித்தது உள்ளே பொருத்தப்பட்ட ஒரு படிகம். ரிசீவருக்குத் தன் டிரான்ஸ்மிட்டர் எது, பிறருடையது எது என்று தெரியாது. தன் அலைவரிசையில் வரும் அலை எதுவோ அதை ஏற்கும். ஒருவர் பறந்துகொண்டிருக்கும்போது அதே எண்ணுள்ள டிரான்ஸ்மிட்டரை இன்னொருவர் இயக்கினால் இரண்டு அலைகளும் மோதும். விமானம் கட்டுப்பாட்டை இழந்து விழும். கழகத்தினர் இதைச் ‘சுட்டு வீழ்த்துதல்’ என்றே அழைத்தனர்.

இதைத் தடுக்கப் பறக்கும் திடல்களில் ஒரு பலகை வைத்தார்கள். ஒவ்வோர் அலைவரிசைக்கும் ஒரு கிளிப். உரிய கிளிப்பைக் கையில் வைத்திருப்பவர் மட்டுமே அந்த எண்ணில் டிரான்ஸ்மிட்டரை இயக்கலாம். சில கிலோகிராம் எடையும் சுழலும் விசிறியும் கொண்ட ஒரு பொருள் ஆட்கள் நிற்கும் இடத்தில் விழாமல் இருப்பது, எல்லோரும் இந்த ஒழுங்கைத் தவறாமல் கடைப்பிடிப்பதைப் பொறுத்தே இருந்தது. ஒருவரின் மறதி போதும், இன்னொருவர் பல மாதங்கள் உழைத்துக் கட்டிய விமானம் நொறுங்க.

2.4 கிகாஹெர்ட்ஸ் எப்படி வேறுபடுகிறது

2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டை 2400 முதல் 2483.5 மெகாஹெர்ட்ஸ் வரை பரவியது. வைஃபை, புளூடூத், மைக்ரோவேவ் அடுப்பு ஆகியவையும் இதே பட்டையில் இயங்குகின்றன. 1985இல் அமெரிக்க ஆணையம் இப்பட்டையை, பரவல் அலைமுறையைப் பின்பற்றும் உரிமமற்ற கருவிகளுக்குத் திறந்துவிட்டது.

பரவல் அலைமுறை என்பது, செய்தியை ஒரே குறுகிய அலைவரிசையில் அனுப்பாமல் பட்டையின் அகலத்தில் பரப்பி அனுப்புவது. இதில் ஒரு வகை, நொடிக்குப் பலமுறை அலைவரிசை விட்டு அலைவரிசை தாவுவது. டிரான்ஸ்மிட்டரும் ரிசீவரும் ஒரே வரிசையில் ஒன்றாகத் தாவும். ஓர் இடத்தில் இரைச்சல் இருந்தாலும் அடுத்த தாவலில் செய்தி போய்ச் சேரும். இக்கருத்து பழையது. நடிகை ஹெடி லமாரும் இசையமைப்பாளர் ஜார்ஜ் ஆன்தைலும் வானொலியால் இயக்கப்படும் டார்பிடோவை எதிரி குழப்பாமலிருக்க, 88 அதிர்வெண்களுக்கிடையே தாவும் முறைக்கு 1942இல் காப்புரிமை பெற்றனர்.

ஒவ்வொரு டிரான்ஸ்மிட்டருக்கும் தனி அடையாள எண் உண்டு. ரிசீவர் தனக்குக் கற்பிக்கப்பட்ட எண்ணிலிருந்து வரும் செய்தியை மட்டுமே ஏற்கும். ஒரே திடலில் பலர் ஒரே நேரத்தில் பறக்கலாம். அலைவரிசைக் கிளிப் தேவையில்லை. 2005இல் ஸ்பெக்ட்ரம் நிறுவனம் சிறிய விமானங்களுக்கான டிஎக்ஸ்6 கருவியை வெளியிட்டது. அடுத்த ஆண்டு பெரிய விமானங்களுக்கும் ஏற்ற டிஎக்ஸ்7 வந்தது. ஃபுடாபா உள்ளிட்ட பிற நிறுவனங்களும் தொடர்ந்தன.

மாற்றுவதற்கான வழிகள்

முதல் வழி, டிரான்ஸ்மிட்டர், ரிசீவர் இரண்டையும் புதிதாக வாங்குவது. செலவு கூடினாலும் இதுவே எளியது.

இரண்டாவது வழி, மாட்யூலை மாற்றுவது. சில பழைய டிரான்ஸ்மிட்டர்களின் பின்புறத்தில் வானலையை உண்டாக்கும் பகுதி தனிப் பெட்டியாகச் செருகப்பட்டிருக்கும். அதைக் கழற்றி, அதே மாதிரிக்கென்று செய்யப்பட்ட 2.4 கிகாஹெர்ட்ஸ் மாட்யூலைச் செருகலாம். பழகிய குச்சிகளும் நினைவகத்தில் பதிந்த விமான அமைப்புகளும் அப்படியே இருக்கும். பெரும்பாலான மாட்யூல்களுக்கு டிரான்ஸ்மிட்டரைப் பிபிஎம் முறையில் வைக்க வேண்டும். பழைய நீளமான ஆன்டெனாவுக்கு இனி வேலை இல்லை.

மூன்றாவது வழி, மாட்யூல் இல்லாத கருவியைத் திறந்து புதிய மின்சுற்றை உள்ளே இணைப்பது. மின்னணுப் பணியில் தேர்ச்சி உள்ளவர்களுக்கே இது பொருந்தும்.

எந்த வழியானாலும் ஒவ்வொரு விமானத்துக்கும் புதிய ரிசீவர் வேண்டும். 72 மெகாஹெர்ட்ஸில் ஒரு நிறுவனத்தின் டிரான்ஸ்மிட்டரோடு இன்னொரு நிறுவனத்தின் ரிசீவரைப் பல நேரங்களில் பயன்படுத்த முடிந்தது. 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு செய்திமுறையை வகுத்துள்ளது. எட்டு விமானம் வைத்திருப்பவர் டிரான்ஸ்மிட்டரின் விலையை மட்டும் பாராமல், அதற்கேற்ற எட்டு ரிசீவர்களின் விலையையும் கணக்கிட வேண்டும்.

ஆன்டெனாவைப் பொருத்துதல்

72 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 4.2 மீட்டர். அதில் கால் பங்கு, அதாவது ஏறத்தாழ 1 மீட்டர் நீளக் கம்பி ரிசீவரிலிருந்து வால்வரை இழுத்துக் கட்டப்பட்டது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 12.5 சென்டிமீட்டர்; அதில் கால் பங்கு சுமார் 31 மில்லிமீட்டர். கம்பியின் நுனியிலுள்ள இந்தச் சிறு பகுதியே அலையை வாங்குகிறது. அதை மடிக்கவோ வெட்டவோ கூடாது.

அலை குறுகியதாதலால் அது ஏறத்தாழ ஒளியைப் போல் நேர்க்கோட்டில் செல்கிறது. பேட்டரி, எஞ்சின், உலோகக் குழாய், கார்பன் இழை உடல் ஆகியவை அதை மறைக்கும். கார்பன் இழையால் செய்த உடலுக்குள் ரிசீவரை வைத்தால் ஆன்டெனாவின் நுனி வெளியே நீட்டியிருக்க வேண்டும்.

பல ரிசீவர்களில் இரண்டு ஆன்டெனாக்கள் உண்டு. அவற்றை ஒன்றுக்கொன்று 90 பாகைக் கோணத்தில் வைக்க வேண்டும். ஒரு கம்பியின் நுனி டிரான்ஸ்மிட்டரை நேராக நோக்கும்போது அது மிகக் குறைவாகவே வாங்கும். அந்த நேரத்தில் மற்றது கைகொடுக்கும். டிரான்ஸ்மிட்டருக்கும் இதே விதிதான். அதன் ஆன்டெனா நுனியை விமானத்தை நோக்கி நீட்டாமல், பக்கவாட்டில் திருப்பி வைத்துப் பறக்க வேண்டும்.

மின்சாரம்: அதிகம் கவனிக்க வேண்டியது

பழைய ரிசீவரில் மின்னழுத்தம் ஒரு கணம் தாழ்ந்தால் சர்வோக்கள் துடிக்கும்; அழுத்தம் மீண்டதும் கட்டுப்பாடும் உடனே மீளும். ஓட்டுபவர் பல நேரங்களில் இதைக் கவனிக்கக்கூட மாட்டார். 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிசீவர் உண்மையில் ஒரு சிறு கணினி. மின்னழுத்தம் அதன் குறைந்த அளவுக்குக் கீழே போனால் அது அணைந்து, மீண்டும் தொடங்கி, தன் டிரான்ஸ்மிட்டரைத் தேடும். தொடக்ககால ரிசீவர்கள் சிலவற்றில் இதற்குச் சில நொடிகள் ஆயின. தாழப் பறக்கும் விமானத்துக்கு அந்த நொடிகள் மிக நீளமானவை. பிந்தைய ரிசீவர்கள் மிக விரைவாக மீள்கின்றன. ஆயினும் ஆபத்து முற்றிலும் போய்விடவில்லை.

பழைய விமானங்கள் பலவற்றில் 4 மின்கலங்கள் கொண்ட 4.8 வோல்ட் பேட்டரி இருக்கும். மின்கலங்கள் தேய்ந்து, சுவிட்சும் இணைப்புகளும் துருவேறி, எல்லாச் சர்வோக்களும் ஒரே நேரத்தில் இழுக்கும்போது அழுத்தம் வெகுவாகச் சரியும். டிஜிட்டல் சர்வோக்கள் இன்னும் அதிக மின்னோட்டத்தை இழுப்பவை. ஆகவே ரிசீவரை மாற்றும்போதே பேட்டரி, சுவிட்சு, கம்பிகள் ஆகியவற்றையும் சோதிக்க வேண்டும். ரிசீவரின் காலியான துளை ஒன்றில் வோல்ட்மீட்டரை இணைத்து, எல்லாச் சர்வோக்களையும் ஒன்றாக அசைத்து, அழுத்தம் எவ்வளவு இறங்குகிறது என்று பார்ப்பது எளிய சோதனை.

5 மின்கலங்கள் கொண்ட 6 வோல்ட் பேட்டரி பலருக்குப் போதுமானது. 2 மின்கல லித்தியம் பாலிமர் பேட்டரி முழுதாக மின்னேற்றப்பட்டபின் 8.4 வோல்ட் தரும். 6 வோல்ட்டுக்கென்று செய்யப்பட்ட பழைய சர்வோக்கள் இதில் எரிந்துபோகலாம். அத்தகைய இடத்தில் மின்னழுத்தச் சீராக்கி அவசியம்.

பிணைத்தலும் தற்காப்பு நிலையும்

டிரான்ஸ்மிட்டரின் அடையாள எண்ணை ரிசீவருக்குக் கற்பிப்பது பிணைத்தல் எனப்படும். இதைச் செய்யும்போது மின் விமானத்தின் விசிறியைக் கழற்றி வைப்பது நல்லது.

தொடர்பு அறுந்தால் சர்வோக்கள் எந்த நிலைக்குப் போக வேண்டும் என்பதும் அமைக்கப்படுகிறது. இது தற்காப்பு நிலை. எஞ்சின் விமானத்தில் எஞ்சின் வேகத்தை மிகக் குறைந்த நிலைக்கும், மின் விமானத்தில் மோட்டாரை நிற்கும் நிலைக்கும் கொண்டுவர வேண்டும். விமானத்தைக் காப்பதைவிட, முழு வேகத்தில் அது ஆட்களை நோக்கிப் போகாமல் தடுப்பதே இதன் முதல் நோக்கம். அமைத்தபின் தரையிலேயே டிரான்ஸ்மிட்டரை அணைத்துச் சரிபார்க்க வேண்டும். இயந்திரத்தின் வகை, சர்வோ திரும்பும் திசை ஆகியவற்றை மாற்றினால் மீண்டும் பிணைத்துச் சோதிக்க வேண்டும்.

தூரச் சோதனை

பழைய கருவியில் டிரான்ஸ்மிட்டரின் ஆன்டெனாவை மடக்கி வைத்துக்கொண்டு விலகி நடந்து சோதித்தார்கள். புதிய கருவியில் மடக்க ஆன்டெனா இல்லை. அதற்குப் பதிலாக ஆற்றலைக் குறைக்கும் ஒரு பொத்தானோ பட்டியல் தேர்வோ இருக்கும். அதை இயக்கி, கையேடு சொல்லும் தூரம்வரை நடந்து, சர்வோக்கள் தடையின்றி அசைகின்றனவா என்று பார்க்க வேண்டும். பல கையேடுகள் சுமார் 30 அடிவைப்புகள் என்கின்றன. உதவிக்கு ஒருவர் விமானத்தைப் பிடித்துக்கொண்டு வெவ்வேறு திசைகளில் திருப்பிக் காட்டினால், உள்ளே எந்தப் பொருள் ஆன்டெனாவை மறைக்கிறது என்பது தெரிந்துவிடும். இச்சோதனையை ஒருமுறை மோட்டார் நின்ற நிலையிலும் ஒருமுறை ஓடும் நிலையிலும் செய்ய வேண்டும். சோதனை முடிந்ததும் டிரான்ஸ்மிட்டர் முழு ஆற்றலுக்குத் திரும்பியதை உறுதி செய்த பின்னரே பறக்க வேண்டும்.

வரம்புகள்

2.4 கிகாஹெர்ட்ஸ் எல்லாவற்றுக்கும் ஏற்றதன்று. நீர் இந்த அலையை விழுங்கிவிடுவதால் மாதிரி நீர்மூழ்கிகள் இன்றும் தாழ்ந்த அதிர்வெண்களையே நம்புகின்றன. ஈரமான இலைகள் அடர்ந்த மரங்களும் அலையை நலிவடையச் செய்யும். விமானத்திலிருந்து நேரடிக் காட்சியை அனுப்பும் கருவி இதே பட்டையில் இருந்தால் ரிசீவரைத் தொந்தரவு செய்யும் என்பதால், காட்சிக்குப் பெரும்பாலும் 5.8 கிகாஹெர்ட்ஸ் பயன்படுத்தப்படுகிறது.

அமெரிக்காவில் 72 மெகாஹெர்ட்ஸ் இன்னும் தடைசெய்யப்படவில்லை. அதில் பறக்கும் சிலர் உள்ள திடல்களில் கிளிப் பலகை இன்றும் தேவைப்படும். ஆனால் பலகை இல்லாத திடலிலும் ஒழுங்கு தேவை நீங்கிவிடவில்லை. முன்பு அது பறப்பவர்களுக்கிடையே இருந்தது. இப்போது ஒவ்வொருவரும் தம் விமானத்தைத் தரையிலேயே சோதித்துப் பார்ப்பதில் இருக்கிறது.