செம்புத் தகட்டில் அமைதியான தக்காணம்

தகட்டின்மேல் மெழுகு பூசி ஊசியால் கீறுவார்கள். அமிலத்தில் இறக்கினால் கீறிய இடம் மட்டும் அரிபடும். பள்ளத்தில் மை நிரப்பி, மேற்பரப்பைத் துடைத்து, ஈரத்தாளை வைத்து அழுத்தினால் படம் வரும். இது எச்சிங். நிழல் வேண்டுமென்றால் பிசின் தூளைத் தகட்டில் தூவிச் சூடேற்றி ஒட்டவைப்பார்கள். துகள்களுக்கு நடுவில்தான் அமிலம் இறங்கும். கூடுதல் நேரம் ஊறிய இடம் கூடுதல் கருமை. தொலைமலையின் மூட்டத்தைத் தாளில் கொண்டுவந்த இந்த முறைக்கு அக்வாடின்ட் என்று பெயர்.

இந்த முறையில் அச்சான எல்லோராப் படங்களின் கதை புனேயில் தொடங்குகிறது. மராத்தியரின் தலைமை அமைச்சரான பேஷ்வாவின் தர்பாரில் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரதிநிதியாக, அதாவது ரெசிடென்டாக, இருந்தவர் சார்லஸ் மாலெட். அவர் ஆதரவில் 1790களில் எல்லோராக் குகைகளை வரைந்தார் ஸ்காட்லாந்து ஓவியர் ஜேம்ஸ் வேல்ஸ். அதே குகைகளை மாலெட்டுக்காக வரைந்த புனே ஓவியர் கங்காராம் தாம்பட் வேல்ஸுடனும் வேலை செய்தார். 1795-ல் வேல்ஸ் இறந்துபோக, அவருடைய படங்களை லண்டனில் தாமஸ் டேனியல் 1803-ல் 24 அக்வாடின்ட்களாக வெளியிட்டார். தலைப்புப் பக்கத்தில் வேல்ஸ் பெயர் உண்டு. கங்காராம் பெயர் இல்லை.

அந்நாளில் ஆங்கில ஓவியர்கள் வரைந்த நிலக்காட்சிகளுக்கு ஓர் இலக்கணம் இருந்தது. ஓரத்தில் இருண்ட மரம், நடுவில் நீர், பின்னால் மங்கும் மலை, முன்னால் மாடும் மேய்ப்பனும். 17-ஆம் நூற்றாண்டில் ரோமில் வாழ்ந்த குளோத் லொரேன் வகுத்த இந்த அமைப்பிலான படங்களை இங்கிலாந்தின் நிலச்சுவான்தார்கள் காசு கொடுத்து வாங்கிச் சேர்த்தார்கள். மதுரையும் தஞ்சையும்கூட டேனியலின் கைவழியே இந்த அச்சில் வார்க்கப்பட்டவைதான். படத்து மேய்ப்பன் களைத்திருக்க மாட்டான். வரி வசூலிக்க யாரும் வருவதில்லை. உழைப்பவரை அழகுக்காக நிற்க வைத்துவிட்டால், அந்த மண்ணில் யாருக்கு உரிமை என்ற கேள்வியே எழாமல் போகிறது. நிலத்தைக் கைப்பற்றிக்கொண்டிருந்த கம்பெனிக்கு இதைவிட வசதியான படம் இருக்க முடியாது என்பேன்.

எல்லோராப் படங்கள் லண்டனில் வெளியான 1803-ல் தக்காணம் எப்படி இருந்தது? முந்தைய அக்டோபரில் புனேயருகே இன்னொரு மராத்தியத் தலைவரான ஹோல்கரின் படையிடம் பேஷ்வா படை தோற்றிருந்தது. செப்டம்பரில் அசாயேயில் ஆங்கிலேயத் தளபதி வெல்லெஸ்லியின் படை மராத்தியரோடு மோதியது. படைகளின் கொள்ளையோடு மழையும் பொய்த்துப் பஞ்சம் பரவியது.

கங்காராமின் ஓவியங்கள் பல இன்று அமெரிக்காவில், யேல் பல்கலைக்கழகத்தின் பிரிட்டிஷ் கலை மையத்தில் இருக்கின்றன. எல்லோராவோடு, புனேயில் பார்த்த காண்டாமிருகத்தையும் அவர் வரைந்திருக்கிறார். வேல்ஸின் அக்வாடின்ட்களுக்குப் பக்கத்திலேயே அவற்றைப் புனேயில் ஒருமுறை காட்சிக்கு வைக்க வேண்டும், கங்காராமின் பெயரோடு.