மனைவி செல்போனை நோண்டும் கணவரா? ஐகோர்ட்டு சொன்னது இதுதான்!

கீரனூர்:
"என் பொண்டாட்டி போன் தானே, நான் பார்த்தா என்ன தப்பு?" என்று கேட்கும் கணவர்கள் கீரனூரிலும் உண்டு, எல்லா ஊரிலும் உண்டு. புதுக்கோட்டை மாவட்டத்துக்கும் சேர்த்து ஐகோர்ட்டு மதுரை கிளை இதற்கு பதில் சொல்லி இருக்கிறது.

பரமக்குடி சப்-கோர்ட்டில் விவாகரத்து கேட்ட ஒருவர், மனைவி யாருடன் எல்லாம் பேசினார் என்ற போன் பட்டியலை அவருக்கே தெரியாமல் எடுத்து ஆதாரமாக கொடுத்தார். அதை ஏற்கக்கூடாது என்று மனைவி போட்ட மனு அங்கே தள்ளுபடி ஆனது. அவர் விடவில்லை. மதுரைக்கு போனார்.

2024 அக்டோபர் 30-ந்தேதி நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன் தீர்ப்பு கூறினார். அந்தரங்க உரிமை கணவன்-மனைவிக்கு இடையிலும் உண்டு, அதை மீறி எடுத்த ஆதாரம் கோர்ட்டில் செல்லாது என்பதுதான் அதன் சாரம். மனைவி கணவர் போனை நோண்டினாலும் இதே கதைதான்.

ஆனால் 2025 ஜூலை 14-ந்தேதி, பஞ்சாப் தம்பதி வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு வேறு மாதிரி சொன்னது. கணவன்-மனைவி பேசிக்கொண்டதை ரகசியமாக பதிவு செய்திருந்தாலும் விவாகரத்து வழக்கில் ஆதாரமாக எடுக்கலாம் என்றது. எனவே மதுரை தீர்ப்பை மட்டும் நம்பி சும்மா இருக்க முடியாது.

வேவு பார்ப்பது எப்படி?

2021-ல் பெகாசஸ் என்ற இஸ்ரேல் மென்பொருள் பற்றி நாடே பேசியது. அரசாங்கங்களுக்கு மட்டும் விற்பதாக சொன்ன சரக்கு அது. வீட்டுக்குள் வேவு பார்க்க அதெல்லாம் எதற்கு? பூட்டாத போனும் 2 நிமிடமும் போதும்.

வாட்ஸ்அப்பில் 'லிங்க்டு டிவைசஸ்' என்று ஒன்று இருக்கிறது. உங்கள் போனை எடுத்து, தன் கம்ப்யூட்டரில் தெரியும் கியூஆர் கோடை காட்டிவிட்டால் முடிந்தது. உங்களுக்கு வரும் மெசேஜ் எல்லாம் அங்கேயும் வரும்.

இன்னொன்று ஜிமெயில். புது போன் வாங்கியதும் கடைக்காரரோ, மச்சான் முறை பையனோ கணக்கு தொடங்கி கொடுக்கிறார்கள். பாஸ்வேர்டு அவர்களிடமே தங்கிவிடும். அதை வைத்து போன் எங்கே இருக்கிறது, என்ன போட்டோ சேமித்து இருக்கிறது என்பது வரை பார்க்க வழி உண்டு. வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருக்கும் வீடுகளில் இது சகஜம். பாஸ்வேர்டை இன்றைக்கே மாற்றிவிடுங்கள்.

லிங்க்டு டிவைசஸில் தெரியாத கருவி இருந்தால் உடனே நீக்க வேண்டாம். நீக்கியதும் எதிராளிக்கு தெரிந்துவிடும். அடி, உதை நடக்கும் வீடு என்றால் ஆபத்து. முதலில் வேறு போனில் அந்த பக்கத்தை போட்டோ எடுத்து வையுங்கள்.

ஒரு பெண்ணின் இன்டர்நெட், இமெயில் பயன்பாட்டை ஆண் கண்காணிப்பது பாரதிய நியாய சன்ஹிதா 78-வது பிரிவில் வருகிறது. முதல் முறை தண்டனை 3 ஆண்டு வரை. பெண்கள் உதவிக்கு 181, சைபர் கிரைம் புகாருக்கு 1930. வேவு பார்க்கப்படும் போனில் இருந்து மட்டும் கூப்பிடாதீர்கள்.